கால அட்டவணைக்குள் கதைப்புத்தகம்

பிஜித் தீவுகளின் கிராமத் தொடக்கப் பள்ளிகளில் 1970களில் ஆங்கிலப் பாடவேளை என்றால் ஒரே ஓசைதான். ஆசிரியர் ஒரு வாக்கியத்தைச் சொல்வார், வகுப்பு சேர்ந்து திரும்பச் சொல்லும். பெயரை மாற்றி இன்னொரு முறை, வினையை மாற்றி இன்னொரு முறை. தென் பசிபிக் நாடுகளுக்காக குளோரியா டேட் வகுத்த வாய்மொழிப் பாடத்திட்டம் அது. எளிய வாக்கிய அமைப்பிலிருந்து கடினமானதற்குப் படிப்படியாக ஏற வேண்டும், பிழையான வாக்கியம் குழந்தையின் வாயில் வரவே கூடாது என்பது அதன் அடிப்படை. வாசிப்புக்கு அதில் ஓரமாக ஓர் இடம் இருந்தது. பல பள்ளிகளில் பாடநூலைத் தவிர வேறு புத்தகமே கிடையாது.

அந்தப் பள்ளிகளுக்கு வந்த குழந்தைகள் வீட்டில் பிஜி மொழியோ பிஜி இந்தியோ பேசுபவர்கள். நான்காம் வகுப்பு முதல் அவர்களுக்கு எல்லாப் பாடமும் ஆங்கிலத்தில். மூன்று ஆண்டு வாய்மொழிப் பாடமாகப் படித்த மொழியில் திடீரென்று அறிவியலும் சமூக அறிவியலும் படிக்க வேண்டும். பலர் தடுமாறினார்கள்.

1980இல் வார்விக் எல்லி என்ற நியூசிலாந்து ஆய்வாளரும் பிஜியைச் சேர்ந்த பிரான்சிஸ் மங்குபாயும் ஒரு சோதனையைத் தொடங்கினார்கள். எட்டு கிராமப் பள்ளிகள், நான்காம், ஐந்தாம் வகுப்புகளில் 380 குழந்தைகள், 16 ஆசிரியர்கள். அந்த வகுப்பறைகளுக்கு 250 ஆங்கிலக் கதைப்புத்தகங்கள் போயின. படம் நிறைந்தவை, குழந்தைகள் விரும்பிப் படிக்கக்கூடியவை. மொழி நிலை பார்த்துச் சொற்களை எண்ணி எழுதப்பட்டவை அல்ல. ஒரு பகுதி வகுப்புகளில் ஆசிரியர் புத்தகத்தைக் குழந்தைகளோடு சேர்ந்து வாசித்தார். மற்ற வகுப்புகளில் நாள்தோறும் குறிப்பிட்ட நேரம் குழந்தைகள் தாங்கள் விரும்பிய நூலை மௌனமாக வாசித்தார்கள். வேறு நான்கு பள்ளிகளில் 234 குழந்தைகள் பழைய வாய்மொழிப் பாடத்தையே தொடர்ந்தார்கள். ஒப்பிட்டுப் பார்க்க அவர்கள் தேவைப்பட்டார்கள்.

எட்டு மாதம் கழித்துத் தேர்வு வைத்தபோது, கதைப்புத்தக வகுப்புகள் வாசித்துப் புரிந்துகொள்வதிலும் கேட்டுப் புரிந்துகொள்வதிலும் வழக்கமான வேகத்தைப்போல இரு மடங்கு முன்னேறியிருந்தன. 20 மாதம் கழித்து இடைவெளி இன்னும் கூடியிருந்தது. அதைவிட முக்கியமாக, முன்னேற்றம் மற்ற மொழித்திறன்களுக்கும் பரவியிருந்தது. வாக்கிய அமைப்பை நாள்தோறும் பயின்றவர்களைவிட, அந்த மாதங்களில் அதைத் தனியாகப் பயிலாமல் கதை படித்தவர்கள் நல்ல வாக்கியம் எழுதினார்கள்.

1983இல் வெளியான இந்த ஆய்வைக் கல்வியாளர்கள் பெரும்பாலும் புத்தக எண்ணிக்கையை முன்வைத்தே மேற்கோள் காட்டுகிறார்கள். ‘புத்தக வெள்ளம்’ என்று அதற்குப் பெயரே வந்துவிட்டது. புத்தகம் நிறைய வேண்டும் என்பதில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை. ஆனால் அந்த ஆய்வில் நான் முக்கியமாகக் கருதுவது வேறு. கதை வாசிக்கும் நேரம் வகுப்பு முடிந்த பிறகு கிடைத்த மிச்ச நேரத்திலிருந்து வரவில்லை, மொழிப் பாடவேளையிலிருந்தே எடுக்கப்பட்டது. கதைப்புத்தகம் பாடத்துக்குத் துணையாக வராமல், பாடமாகவே வந்தது. தொடக்கப் பள்ளிப் பாடத்திட்டத்தைக் கதைகளைச் சுற்றித் திட்டமிடுவது பற்றிப் பேசும் எவரும் முதலில் தீர்க்க வேண்டிய கேள்வி இதுதான்: அந்த நேரத்தை எதிலிருந்து எடுக்கப் போகிறோம்?

சேர்ந்து வாசிக்கும் முறையின் பிறப்பிடம் நியூசிலாந்து. 1960களின் இறுதியில் கிராமங்களிலிருந்து வந்த மாவோரிக் குடும்பங்களும் பசிபிக் தீவுகளிலிருந்து வந்த குடும்பங்களும் ஆக்லாந்து நகரில் பெருகின. அந்தக் குழந்தைகளுக்கு வழக்கமான வாசிப்புப் பாடம் ஒட்டவில்லை. டான் ஹோல்டவே என்ற கல்வியாளர், பள்ளிக்கு வரும் முன்பே வாசிக்கத் தயாராகிவிடும் குழந்தைகளின் வீடுகளில் என்ன நடக்கிறது என்று கவனித்தார். இரவில் தாயோ தந்தையோ மடியில் வைத்துக் கதை படித்துக்காட்டுகிறார்கள். குழந்தை அதே கதையை மறுபடி கேட்கிறது. நாலைந்து முறைக்குப் பிறகு தானே பக்கத்தைப் புரட்டிக்கொண்டு, வாசிப்பதுபோலவே சொல்கிறது. ஒரு வரியை விட்டுவிட்டுப் படித்தால் தடுத்து நிறுத்துகிறது.

முப்பது குழந்தைகளை ஒரு மடியில் உட்கார வைக்க முடியாது. அதனால் ஹோல்டவேயும் அவரோடு இருந்த ஆசிரியர்களும் புத்தகத்தைப் பெரிதாக்கினார்கள். பெரிய தாள்களில் கதையைக் கையால் எழுதி, படம் வரைந்து, எல்லோரும் தரையில் உட்கார்ந்து பார்க்கும்படி ஒரு தாங்கியில் வைத்தார்கள். ஆசிரியர் ஒரு குச்சியால் சொற்களைச் சுட்டிக்கொண்டே வாசித்தார். இந்த அனுபவத்தின் கோட்பாட்டை அவர் 1979இல் எழுதிய ‘எழுத்தறிவின் அடித்தளங்கள்’ என்ற நூல் விளக்குகிறது.

இந்த முறையில் ஒரு நூல் ஒரு வாரம் வகுப்பில் வாழ்கிறது. முதல் நாள் அட்டைப்படத்தைக் காட்டி என்ன நடக்கும் என்று ஊகிக்கச் சொல்லி, பிறகு இடைநிறுத்தாமல் முழுக் கதையும். அன்று வேறு வேலை எதுவும் கிடையாது. கதை பிடிக்க வேண்டும், அவ்வளவுதான். இரண்டாம் நாள் மறுவாசிப்பு. திரும்பத் திரும்ப வரும் வரிகளில் குழந்தைகளின் குரல் தானாகச் சேர்ந்துகொள்ளும். மூன்றாம் நாள் சில சொற்களை மறைத்து வைத்து, அங்கே என்ன வரும், எப்படித் தெரியும் என்று கேட்கலாம். எழுத்தும் ஒலியும் சொற்கட்டும் அன்றைய பாடம். குழந்தைக்கு ஏற்கெனவே பொருள் தெரிந்த வரிக்குள் வைத்தே அதைக் கற்பிக்கிறோம். அதன் பிறகு நடிப்பு, படம், கதையின் முடிவை மாற்றி எழுதுதல், அதே அமைப்பில் வகுப்பே சேர்ந்து புதுக் கதை கட்டுதல். வார இறுதியில் அந்த நூலின் சிறிய பிரதிகள் கைக்கு வரும்போது, தட்டுத்தடுமாறி வாசிக்கும் குழந்தைகூட அதை ‘வாசித்துவிடும்’. பாதி நினைவு, பாதி எழுத்து. சில வாரங்களில் எழுத்தின் பங்கு கூடிக்கொண்டே போகும்.

மறுவாசிப்பு ஏன் இவ்வளவு முக்கியம் என்பதற்கு எல்லியே 1989இல் இன்னொரு ஆய்வில் விடை தந்தார். நியூசிலாந்துப் பள்ளிகளில் ஏழு வயதுக் குழந்தைகளுக்கு ஒரே கதையை ஒரு வாரத்துக்குள் மூன்று முறை வாசித்துக்காட்டினார்கள். எந்தச் சொல்லையும் விளக்கவில்லை. அப்போதே, முன்பு தெரியாத சொற்களில் ஏறத்தாழ 15 விழுக்காடு அளவுக்கு ஆதாயம் இருந்தது. வாசிக்கும்போதே கடினச் சொல்லைச் சுருக்கமாக விளக்கியபோது ஆதாயம் இரு மடங்குக்கும் மேல். விளக்கம் என்றால் கரும்பலகையில் சொற்பொருள் எழுதிப் போடுவது அல்ல. ஒரு சைகை, படத்தில் ஒரு சுட்டல், தெரிந்த வேறொரு சொல், உடனே கதைக்குத் திரும்பிவிடுதல். ஒரே நூலை மூன்று முறை வாசிப்பதை நம் பள்ளிகளில் நேர விரயம் என்று நினைப்பவர்கள் உண்டு. குழந்தைகள் அப்படி நினைப்பதில்லை.

பிஜிக்கு முன்பே நியூவே என்ற சின்னஞ்சிறு தீவில் பீட்டர் டெயாத், உள்ளூர் வாழ்க்கையிலிருந்து எடுத்த சிறு கதைகளைக் கொண்டு இப்படி ஒரு திட்டம் நடத்தியிருந்தார். 1985இல் சிங்கப்பூர் இதே கொள்கையில் 30 பள்ளிகளின் முதல் வகுப்புகளில் தொடங்கி, பிறகு நாடு முழுவதும் விரிவாக்கியது. சீனம், மலாய், தமிழ் பேசும் வீடுகளிலிருந்து வந்த குழந்தைகள் ஆங்கிலத்தில் கற்கத் தொடங்கிய காலம் அது. 1995இல் இலங்கையில் 20 சிறிய பள்ளிகளின் நான்காம், ஐந்தாம் வகுப்புகளுக்குக் கதைப்புத்தகங்களும் குறுகிய ஆசிரியர் பயிற்சியும் தரப்பட்டன. புத்தகம் பெறாத பள்ளிகளைவிட அந்தக் குழந்தைகள் ஆங்கில வாசிப்பில் தெளிவாக முந்தினார்கள். வெவ்வேறு வீட்டுமொழிகள், வெவ்வேறு வசதி நிலைகள், ஆனாலும் விளைவு ஒரே திசையில்தான் இருந்தது.

ஆனால் இந்தக் கதையின் மறுபாதியையும் சொல்லாமல் விட்டால் ஆசிரியர்களுக்கு அநீதி செய்தவர்களாவோம். கதைப்புத்தக வாசிப்பைப் பாடத்திட்டத்தின் நடுவில் வைத்த நியூசிலாந்தில், பல பத்தாண்டுகளாக நாட்டின் சராசரி நன்றாகவும் பின்தங்கிய குழந்தைகளின் நிலை கவலைக்குரியதாகவும் இருந்துவந்தது. ஏழை வீடுகளின் குழந்தைகளும் மாவோரி, பசிபிக் குழந்தைகளுமே அந்த இடைவெளியின் கீழ்ப்பக்கத்தில் நின்றார்கள். நல்ல கதையோடு போதிய நாள் இருந்தால் எழுத்து தானாக வந்துவிடும் என்ற நம்பிக்கை அங்கே ஒரு கோட்பாடாகவே இறுகியிருந்தது. பல குழந்தைகளுக்கு அப்படி வரவில்லை. படத்தையும் முதலெழுத்தையும் பார்த்து ஊகிக்கப் பழகியவர்கள், படமில்லாத பக்கங்கள் வந்ததும் நின்றுவிட்டார்கள். 2025ஆம் ஆண்டின் முதல் பருவத்திலிருந்து, எழுத்து–ஒலி உறவை வரிசைமுறையாகக் கற்பிப்பதை அந்நாட்டு அரசு தொடக்க வகுப்புகளில் கட்டாயமாக்கியிருக்கிறது.

இதைக் கதைப்புத்தகத்தின் தோல்வி என்று படிப்பவர்கள் இருக்கிறார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. பிஜிக் குழந்தைகள் நான்காம் வகுப்பில் இருந்தவர்கள். எழுத்தைக் கூட்டி வாசிக்க ஓரளவு கற்றுவிட்டவர்கள். அவர்களுக்குக் குறைந்தது மொழி. அதைக் கதை தந்தது. ஆக்லாந்தின் ஐந்து வயதுக் குழந்தைக்கு இரண்டுமே வேண்டியிருந்தது. ஒன்றை மட்டும் நம்பிக் கொடுத்தார்கள். கதையைச் சுற்றிப் பாடத்திட்டம் வகுப்பவர் எழுத்துக்கென்று தனி நேரம் ஒதுக்கத்தான் வேண்டும். இருபது நிமிடமானாலும் தினமும், வரிசை தவறாமல். கதை அந்த வேலையைச் செய்யும் என்று அதன் தோளில் ஏற்றக் கூடாது.

தமிழுக்கு வரும்போது இந்தச் சிக்கல் வேறு உருவம் எடுக்கிறது. 26 எழுத்து கற்கும் குழந்தைக்கும் 247 எழுத்து கற்கும் குழந்தைக்கும் கால அளவு ஒன்றல்ல. உயிர்மெய்க் குறிகளில் ஒரு முறைமை இருப்பதால் ஒவ்வொன்றையும் தனித்தனியாக மனப்பாடம் செய்ய வேண்டியதில்லைதான்; ஆனாலும் நாள் பிடிக்கிறது. கன்னடக் குழந்தைகளைப் பற்றி சோனாலி நாக் 2007இல் வெளியிட்ட ஆய்வு, அங்கே எழுத்தறிவு நான்காம் வகுப்பு வரையிலும்கூட நிரம்பிக்கொண்டே போவதைக் காட்டியது. கூட்டெழுத்துகள் இல்லாததால் தமிழில் சுமை சற்றுக் குறையலாம், ஆனால் முதல் வகுப்போடு முடியும் வேலை அல்ல. எழுத்து முழுவதும் தெரிந்த பிறகு கதைப்புத்தகம் தரலாம் என்று காத்திருந்தால், குழந்தை மொழிக்கு மிகவும் திறந்திருக்கும் இரண்டு மூன்று ஆண்டுகள் கதையே இல்லாமல் கழிந்துவிடும். அதனால் ஆங்கிலப் பள்ளியைவிடத் தமிழ்ப் பள்ளியில் ஆசிரியர் வாசித்துக்காட்டும் பருவம் நீளமாக இருக்க வேண்டும். மூன்றாம் வகுப்பு வரையாவது அது நாள்தோறும் நடக்க வேண்டும் என்பது என் கருத்து.

இன்னொரு காரணமும் உண்டு. நம் குழந்தை வீட்டில் கேட்பது ‘மழை வந்துச்சு’, ‘அவங்க போயிட்டாங்க’. பள்ளியில் முதல் நாள் பார்ப்பது ‘மழை வந்தது’, ‘அவர்கள் போய்விட்டார்கள்’. வளர்ந்தவர்களுக்கு இது சிறு வேறுபாடு. ஆறு வயதில், புத்தகத் தமிழை வீட்டில் யாரும் வாசித்துக்காட்டாத குழந்தைக்கு இது கிட்டத்தட்ட இன்னொரு மொழியின் வாசல். ஒரே ‘க’ தங்கம், பக்கம், அகம் ஆகிய சொற்களில் மூன்று விதமாக ஒலிக்கிறது. எழுத்தைக் கூட்டும்போது எந்த ஒலி என்பதை முடிவுசெய்யக் குழந்தைக்கு உதவுவது, அந்தச் சொல்லை முன்பே கேட்டிருப்பதுதான். பிஜியில் இரண்டாம் மொழிக்குக் கதை என்ன செய்ததோ, அதை எழுத்துத் தமிழுக்கு இங்கே செய்ய முடியும். வசதியான வீட்டுக் குழந்தைக்கு மடியில் கிடைத்துவிடுகிற இந்தச் செவிப்பழக்கம், கூலி வேலைக்குப் போய்விட்டு இருட்டிய பிறகு திரும்பும் பெற்றோரின் குழந்தைக்குப் பள்ளியில்தான் கிடைக்க வேண்டும். வேறு இடம் இல்லை.

கிஜுபாய் பதேகா 1930களின் தொடக்கத்தில் குஜராத்தியில் எழுதிய ‘பகல் கனவு’ தமிழ் ஆசிரியர்கள் பலர் படித்து நேசித்த நூல். அதில் நான்காம் வகுப்பை எடுத்துக்கொள்ளும் லட்சுமிராம் என்ற ஆசிரியர் தொடக்கத்திலேயே கதை சொல்லத் தொடங்கிவிடுகிறார். பாடநூல் வாங்கும் பணத்தைச் சேர்த்து வகுப்புக்கே ஒரு நூலகம் அமைக்கிறார். அடங்காத வகுப்பு கதைக்கு அடங்குவதை மட்டும் நினைவில் வைத்துக்கொண்டு, அந்தப் பணக் கணக்கை நாம் மறந்துவிட்டோம். நாற்பது குழந்தைகள் நாற்பது பிரதியாக ஒரே நூலை வாங்குவதற்குப் பதில் நாற்பது வேறு நூல்கள் வாங்கலாம் என்ற அந்த எளிய யோசனை, பாடத்திட்ட நிதியை எப்படிச் செலவிடுவது என்பதைப் பற்றியது.

எந்தக் கதை என்ற கேள்வியில்தான் திட்டமிடுபவர்கள் அதிகம் வழுக்குகிறார்கள். எரிக் கார்ல் 1969இல் வெளியிட்ட பசித்த கம்பளிப்புழுவின் கதை உலகம் முழுவதும் மழலையர் வகுப்புகளில் இருக்கிறது. திங்கள் ஓர் ஆப்பிள், செவ்வாய் இரண்டு பேரிக்காய் என்று வெள்ளிக்கிழமை ஐந்து ஆரஞ்சு வரை போகிறது. எண்ணும் கிழமையும் உருமாற்றமும் ஒரே நூலில் அடங்குவதால் பாடத்திட்டக்காரர்களுக்கு அது பெரும் வசதி. ஆனால் குழந்தைகள் அதை விரும்புவதற்குக் காரணம் பக்கங்களில் விரல் நுழைகிற ஓட்டைகளும், சனிக்கிழமை அளவின்றித் தின்று வயிற்றுவலி வருவதும்தான். எண் பாடத்துக்காக நூலைத் திறந்து, கிழமை பாடத்துக்காக மறுபடி திறந்து, அந்த வயிற்றுவலியைப் பற்றி யாருமே பேசாமல் மூடிவைத்தால், அது பயிற்சித்தாளாக மாறிவிடுகிறது.

கதையிலிருந்து மற்ற பாடங்களுக்குப் போவதற்கு நல்ல வழி, கதைக்குள்ளேயே எழும் கேள்வியைப் பின்தொடர்வது. எல்லோருக்கும் தெரிந்த பாட்டி, வடை, காகம், நரி கதையை எடுத்துக்கொள்வோம். ‘ஒரு வடை ஐந்து ரூபாய் என்றால் பத்து வடை எவ்வளவு’ என்ற கணக்கை எந்த வகுப்பிலும் போடலாம். அதற்கு இந்தக் கதை தேவையில்லை. ஆனால் நாம் வழக்கமாகச் சொல்லும் கதையில், காகம் வடையைத் தூக்கிய பிறகு பாட்டியைப் பற்றிப் பேச்சே கிடையாது. பாட்டி என்ன ஆனாள் என்று ஒரு குழந்தை கேட்டுவிட்டால், அந்த வாரத்தின் கணக்கும் சமூக அறிவியலும் அங்கே தொடங்குகின்றன. உளுந்து என்ன விலை, எண்ணெய் என்ன விலை, ஒரு வடை போனால் அன்றைய வருமானத்தில் எவ்வளவு போகும், இந்த வயதில் அவள் ஏன் வெயிலில் உட்கார்ந்து விற்கிறாள், நம் தெருவில் அப்படி விற்பவர் யார். அவரிடம் போய்க் கேட்டு எழுதி வருவது இரண்டாம் வகுப்புக் குழந்தைகளால் முடியும். திரும்பி வந்து கதையைப் பாட்டியின் வாயால் சொல்லிப் பார்ப்பது மொழிப்பாடம்.

இப்படிப் போக ஆசிரியருக்குச் சுதந்திரம் வேண்டும்; நூல் தேர்வில் ஒழுங்கும் வேண்டும். வாரத்துக்கு ஒரு நூல் என்றால் ஆண்டுக்கு 35 நூல்களை நிதானமாக வாசிக்கலாம். அவற்றைச் சிதறலாக அடுக்குவதைவிட, நீர், சந்தை, பறவை, பயம் என்று ஒரே உலகத்தைச் சேர்ந்த மூன்று நான்கு நூல்களை அடுத்தடுத்து வைப்பது நல்லது. ஒரு நூலில் கேட்ட சொல் அடுத்த நூலில் வேறு இடத்தில் வரும்போதுதான் குழந்தைக்குச் சொந்தமாகிறது. ‘பயம்’ போன்ற ஒன்றை நான் வேண்டுமென்றே சேர்க்கிறேன். பாடத்திட்டக் குழுக்கள் மரம், வீடு, போக்குவரத்து என்று பொருள்களைப் பட்டியலிடுகின்றன. குழந்தைகளின் உள்வாழ்க்கை அந்தப் பட்டியலில் வருவதே இல்லை.

இந்த 35க்கு வெளியே, குழந்தை தானாக எடுத்துப் படிக்க இன்னும் நூறு நூலாவது கைக்கெட்டும் உயரத்தில் இருக்க வேண்டும். பிஜியில் இரண்டாம் ஆண்டு முடிவில், சேர்ந்து வாசித்த வகுப்புக்கும் மௌனமாக வாசித்த வகுப்புக்கும் பெரிய வேறுபாடு இருக்கவில்லை என்பதை இங்கே நினைத்துப் பார்க்கலாம். வாசிக்கத் தெரிந்த பிறகு குழந்தைக்கு வேண்டியவை நேரம், தேர்வு, தொந்தரவின்மை. ஆசிரியரின் தலையீடு ஓரளவுக்கு மேல் தேவைப்படுவதில்லை.

தமிழ்நாட்டில் 2023இல் தொடங்கிய அரசின் வாசிப்பு இயக்கம் நுழை, நட, ஓடு, பற என்று நான்கு நிலைகளில் சிறு கதை நூல்களைப் பள்ளிகளுக்குக் கொண்டுவந்தது. படத்தின் அழகிலும் எளிய வாக்கியத்திலும் கவனம் செலுத்திய முயற்சி அது. அதை நான் மனமார வரவேற்கிறேன். அந்த நூல்கள் எந்தப் பாடவேளையில் வாசிக்கப்படுகின்றன என்பதே இப்போதைய கேள்வி. நேரம் குறிக்கப்படாத புத்தகம் மெல்ல அலமாரிக்குள் போகும். கிழிந்தால் இருப்புப் பதிவேட்டில் யார் பதில் சொல்வது என்ற அச்சம் வந்ததும் அலமாரிக்குப் பூட்டும் வரும். தலைமையாசிரியர்களைக் குறை சொல்லிப் பயனில்லை. நல்ல நூலைக் குழந்தைகள் கிழியும்வரை புரட்டுவார்கள் என்பதை ஏற்று, ஆண்டுதோறும் குறிப்பிட்ட பங்கைத் தேய்மானமாகக் கழித்துக்கொள்ளலாம் என்று ஒரு வரி ஆணை இருந்தால், பல பூட்டுகள் திறந்துகொள்ளும்.

மதிப்பீடும் அதே கவனத்தோடு மாற வேண்டும். கதையின் நீதி என்ன, காகத்தின் நிறம் என்ன என்று எழுத்துத் தேர்வு வைக்கத் தொடங்கினால் கதை மறுபடி பாடநூலாகிவிடும். மாதம் ஒருமுறை, வகுப்பில் இதுவரை வாசிக்காத ஒரு மெல்லிய நூலைக் குழந்தையிடம் கொடுத்து, பக்கத்தில் உட்கார்ந்து வாசிக்கச் சொல்லிக் கேட்டால் போதும். எந்த எழுத்தில் நிற்கிறது, நின்ற பிறகு ஊகிக்கிறதா கூட்டிப் பார்க்கிறதா, முடித்த பிறகு கதையைத் தன் பேச்சில் எவ்வளவு திரும்பச் சொல்கிறது, அந்தப் பேச்சுக்குள் புத்தகத்தின் வாக்கியங்கள் எத்தனை வந்து கலக்கின்றன. ஒரு குழந்தைக்கு ஐந்து நிமிடம் ஆகும். முப்பது பேர் உள்ள வகுப்பில் நாளுக்கு இரண்டு பேர் என்று கேட்டால் மூன்று வாரத்தில் முடிந்துவிடும், மற்றவர்கள் அந்த நேரத்தில் தாங்கள் விரும்பிய நூலை வாசித்துக்கொண்டிருக்கலாம். நிற்கும் எழுத்துகள் அடுத்த வாரத்தின் எழுத்துப் பாடத்துக்குப் போகும். சொல்ல வராத வாக்கியங்கள் அடுத்து வாசித்துக்காட்ட வேண்டிய நூல் எது என்பதைக் காட்டும்.